சறுக்குப் பலகை

தச்சர் கடைக்குள் நுழைகிறவர்களின் கண்ணில் முதலில் படுவது எதிர்ச் சுவரில் தொங்கும் அந்தப் பலகைதான். ஒரு முழ நீளம், ஒரு சாண் அகலம். நடுவில் வயிறு வைத்து, ஓரம் தூக்கி, கோணிக்கொண்டு கிடக்கும். உளி, ரம்பம், இழைப்புளி எல்லாம் எண்ணெய் பூசி வரிசையாக மாட்டியிருக்கிற சுவரில், இது மட்டும் கல்யாணத்துக்குக் குளிக்காமல் வந்தவன் மாதிரி நிற்கும்.

"இது என்னங்க, தட்டு அடிக்க வச்சிருக்கீங்களா?" என்று கேட்பார்கள்.

"இல்லைங்க."

"விறகுக்கா?"

"அது என் இடது கண்ணுங்க" என்று சொல்லிவிட்டுத் தச்சர் வேலையைப் பார்ப்பார்.

கேட்டவர்கள் சிரிப்பார்கள். பிறகு அவர் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்திக்கொள்வார்கள். இடது கண் பாலாடை படர்ந்தது போல் வெளுத்திருக்கும். அதில் பார்வை போய்ப் பல வருஷமாகிறது.

அவருக்கு ரசமட்டம் என்றுதான் பெயர். அம்மா அப்பா வைத்த பெயர் வேறு. அது இப்போது அடையாள அட்டையில் மட்டும் இருக்கிறது. கொத்தனாரும் தச்சரும் மட்டம் பார்க்க வைத்திருக்கிற, உள்ளே நீர்க்குமிழி ஓடுகிற கட்டைக்குத்தான் ரசமட்டம் என்று பெயர். இவருக்கு அது தேவைப்பட்டதில்லை. தலையை ஒரு பக்கம் சாய்த்து, ஒரு கண்ணை மூடி, பலகையை நோக்கி, "ஒரு நூல் தூக்கலா இருக்கு" என்பார். கட்டையை வைத்துப் பார்த்தால் சரியாக ஒரு நூல் தூக்கலாகத்தான் இருக்கும். அந்தப் பெயரை வைத்தது ஜெயில்தான்.

ஆமாம், ஜெயிலில் இருந்தவர். அதை அவர் மறைக்கிறதில்லை. முப்பது வயதுக்கு மேல், ஒரு சாயங்காலம், கூட வேலை பார்த்தவன் ஒருவன் செத்துப்போன அவருடைய அம்மாவைப் பற்றி ஒரு சொல் சொல்லிவிட்டான். இவர் கையில் இருந்தது கொட்டாப்புளி, அதாவது உளியைத் தட்டுகிற மரச் சுத்தியல். அடி வாங்கியவன் பிழைத்துக்கொண்டான், கடவுள் புண்ணியம். ஆனால் ஒரு காது செவிடாகிவிட்டது. இவருக்கு ஆறு வருஷம் கிடைத்தது. அது நியாயம்தான் என்று அன்றும் சொன்னார், இன்றும் சொல்கிறார்.

"ஒருத்தன் காதை எடுத்தேன், கடவுள் என் கண்ணை எடுத்துக்கிட்டார்னு சில நாள் தோணும்" என்பார் மனைவியிடம். "அப்புறம் நினைப்பேன், அவர் அப்படிப் பதிலுக்குப் பதில் பார்க்கிறவரா இருந்தா, நம்மள்ல யாருக்கு என்ன மிஞ்சும்?"

"எனக்கு நாக்கு மிஞ்சாது" என்பாள் மனைவி.

ஜெயிலை நினைத்து ஏங்குகிற ஆள் உண்டா என்று கேட்டால் தச்சர் தலையைச் சொறிவார். ஜெயிலை நினைத்து இல்லை, பட்டறையை நினைத்து ஏங்குவது உண்டு. ஜெயிலின் பின்கட்டில் நீளமாக ஒரு கூடம். கிழக்கே உயரத்தில் மூன்று ஜன்னல். காலை பத்து மணிக்கு மூன்றாவது ஜன்னல் வெயில் சரியாக அவருடைய வேலை மேஜையில் வந்து உட்காரும். அந்த வெளிச்சத்தில் இழைப்புளியை ஒரு இழுப்பு இழுத்தால் சீவல் சுருண்டு எழுந்து பொன் மாதிரி மின்னும். புது மரத்தின் வாசனை, கோந்து காயும் வாசனை, அலுமினிய டம்ளரில் டீ. அந்த ஒரு மணி நேரம் சுவர் என்று ஒன்று இருப்பதே மறந்துவிடும். பூட்டின அறையிலிருந்து தினம் காலையில் தன்னை அங்கே கொண்டுவந்து விட்டதற்கு அவர் கடவுளுக்கு நன்றி சொல்லாத நாள் இல்லை.

பட்டறைக்கு ஒரு வார்டர். பெரிய உடம்பு, சின்னத் தொப்பி. மரத்தின் மேல் அவருக்கு அப்படி ஒரு ஆசை. கைதான் வராது. ஆணி அடித்தால் ஆணியைத் தவிர மற்ற எல்லாவற்றின் மேலும் அடி விழும். அதனால் பலகை பிடிக்கிற வேலையை அவராகவே எடுத்துக்கொண்டார். தச்சர் அறுக்க, வார்டர் மறு முனையைப் பிடித்துக்கொள்வார். கைதிக்குப் பலகை பிடித்த வார்டர் வேறு எங்கே இருந்திருப்பார்?

"என்னய்யா ரசமட்டம், என் தொப்பி நேரா இருக்கா?"

"தொப்பி நேராத்தான் இருக்குங்கையா. தலைதான் ஒரு நூல் சாய்ஞ்சிருக்கு."

"கொழுப்புடா உனக்கு. அந்தப் பக்கம் பிடி."

இப்படிப் போய்க்கொண்டிருந்த காலத்தில்தான் அந்தப் பெட்டி வந்தது.

கைதிகளுக்கு ஏதாவது குறை என்றால் சீட்டில் எழுதிப் புகார்ப் பெட்டியில் போட வேண்டும். பட்டறைக்குப் போகிற வழியில் ஒரு தகரப் பெட்டி இருந்தது. கம்பி நுனியில் கோந்து தடவி உள்ளே விட்டு, யார் யாரைப் பற்றி எழுதியிருக்கிறான் என்று எடுத்துப் படித்துவிடுவார்கள் சில கில்லாடிகள். அப்புறம் அடிதடி. அதனால் சூப்பிரண்டு பட்டறைக்கு ஆளனுப்பினார். கம்பிக்கு எட்டாத பெட்டி வேண்டும், வெள்ளிக்கிழமை மேலதிகாரி பார்வையிட வருகிறார், அதற்குள் மாட்டியாக வேண்டும்.

தச்சரும் வார்டரும் உட்கார்ந்து யோசித்தார்கள். முன்பக்கம் மேலே சீட்டு போடுகிற வாய். உள்ளே, பின்பலகையின் மேல் ஓரத்திலிருந்து முன்னால் சரிவாக இறங்குகிற ஒரு சறுக்குப் பலகை. போடுகிற சீட்டு அதன் மேல் விழுந்து, சறுக்கி, கீழே இருக்கிற பூட்டுப் போட்ட அறைக்குள் போய்விடும். கம்பி விட்டால் பலகையில் முட்டி நிற்கும். சறுக்குப் பலகைக்குப் பின்னால் மூன்று மூலையாக ஒரு பொந்து அடைபட்டுக் கிடக்கும். அதற்கு வழி கிடையாது. ஆணி இல்லாமல், காடிப் பள்ளம் வெட்டி, ஆப்பு வைத்து இறுக்கிய வேலை. நல்ல வேலை. ஒன்றே ஒன்றைத் தவிர.

பெட்டிக்குக் காய்ந்த மரம் இருந்தது. சறுக்குப் பலகைக்கு மிச்சமில்லை. அன்றைக்குத்தான் அறுத்து வந்திருந்த பச்சை மரம் மட்டும் இருந்தது.

"ஐயா, இது பச்சை. காயும்போது கோணும்" என்றார் தச்சர்.

"உள்ளே இருக்கப் போறதுதானேய்யா. யார் எட்டிப் பார்க்கப் போறா?"

தச்சு வேலையில் வாயில் வரக் கூடாத வார்த்தை அது. சொன்னது வார்டர். தலையாட்டியது தச்சர்.

பெட்டியை மாட்டியதும் சோதித்துப் பார்த்தார்கள். வார்டர் ஒரு சீட்டு எடுத்து, நாக்கைத் துருத்திக்கொண்டு எழுதினார்: ‘ரசமட்டம் என் டீயைக் குடித்துவிட்டான்.’ இரண்டாக மடித்துப் போட்டார். சீட்டு சறுக்கி அழகாகக் கீழே விழுந்தது. இருவரும் பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரி சிரித்தார்கள். அன்றைக்குப் பலகை ஈரமாக இருந்தது. நேராகவும் இருந்தது.

சாவி வார்டர் இடுப்பில். திங்கட்கிழமை தோறும் அவர் திறப்பார், சீட்டுகளை ஆபீசுக்கு எடுத்துப் போவார், குமாஸ்தா பதிவேட்டில் ஏற்றுவார். சமையல் கட்டிலிருந்து புகார் வரும், துணி துவைக்கிற இடத்திலிருந்து வரும். பட்டறை ஆட்களிடமிருந்து மட்டும் ஒன்றுகூட வரவில்லை. இரண்டு வருஷம் இப்படியே போனதும் சூப்பிரண்டு மகிழ்ந்துபோய் வார்டருக்குப் பாராட்டுச் சான்றிதழ் கொடுத்தார். கண்ணாடி போட்ட அந்தச் சட்டத்தைச் செய்ததும் தச்சர்தான். வார்டர் பட்டறையில் எல்லோருக்கும் மிட்டாய் கொடுத்தார்.

நாலாவது வருஷம் தச்சருக்குக் கண் வலி தொடங்கியது. விளக்கைப் பார்த்தால் சுற்றிலும் வளையம் தெரியும். இடது பக்க நெற்றி தெறிக்கும். கண் சிவந்து நீர் வடியும். வார்டரிடம் சொன்னார்.

"எழுதிப் போடுய்யா" என்றார் வார்டர். "வாயால சொன்னா ஆபீஸ்ல மதிக்க மாட்டாங்க. எழுத்துல வந்துச்சுன்னா நான் தூக்கிட்டு ஓடறேன்."

எழுதிப் போட்டார். பதில் இல்லை. இரண்டு வாரம் கழித்து இன்னொன்று. அப்புறம் இன்னொன்று. பத்து வாரத்தில் நாலு சீட்டு.

அங்கே ஒரு வழக்கம். பெட்டியில் போட்டதைப் பற்றி யாரும் வாய் திறக்கக் கூடாது. போட்டவன் சொன்னால் காட்டிக்கொடுக்கிறவன் என்று பெயர் வரும். வார்டர் கேட்டால் அவர் வேலைக்கு ஆபத்து. அதனால் தச்சர், வார்டர் படித்துவிட்டுச் சும்மா இருக்கிறார் என்று நினைத்தார். வார்டர், இவன் எழுதவே இல்லை, அப்படியானால் வலி பெரிதாக இல்லை என்று நினைத்தார். ஒரே பலகையின் இரண்டு முனையைப் பிடித்துக்கொண்டு இருவரும் பேசாமல் நின்றார்கள். பத்து மணி வெயில் வழக்கம் போல் வந்து போய்க்கொண்டிருந்தது.

ஒரு நாள் காலை பென்சிலால் கோடு போடக் குனிந்தார். பலகையின் இடது பாதி இல்லை. இருட்டு. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனபோது அங்கே இருந்த டாக்டர், கண்ணுக்குள் அழுத்தம் ஏறி நரம்பு செத்துவிட்டது என்றார். "ரெண்டு மாசம் முன்னாடி கூட்டிட்டு வந்திருந்தா சொட்டு மருந்துல காப்பாத்தியிருக்கலாம்."

அந்த ஒரு வார்த்தைதான் அவரைக் கோர்ட்டுக்குப் போக வைத்தது. இலவச சட்ட உதவியில் ஒரு வக்கீலம்மா கிடைத்தார். கைதிக்கும் கண் உண்டு, அதற்கு வைத்தியம் பார்ப்பது ஜெயிலின் கடமை என்று வழக்கு. எதிர்த் தரப்பில் மூன்று பேர்: சூப்பிரண்டு, ஜெயில் டாக்டர், பட்டறை வார்டர்.

கைதூக்கிச் சத்தியம் செய்துவிட்டுத் தச்சர் சொன்னார்: "நாலு சீட்டு போட்டேங்க. சாவி வார்டர்கிட்டதான் இருந்துச்சு. அவர்தான் கிழிச்சுப் போட்டிருக்கணும்."

வார்டர் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு ஓரமாக நின்றார். "ஒரு சீட்டும் வரலைங்க" என்று மட்டும் சொன்னார். அவர் தச்சரைப் பார்த்த பார்வையில் கோபம் இருந்திருந்தால் தச்சருக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

ஜெயிலில் எழுத்தில் புகார் கொடுத்த பிறகுதான் கைதி கோர்ட்டுக்கு வரலாம் என்று விதி. பதிவேட்டில் புகார் எதுவும் இல்லை. அதனால் வழக்கு தள்ளுபடி. கண்ணைப் பற்றிப் பேச்சே எழவில்லை. கண் கதவுக்கு வெளியிலேயே நின்றுவிட்டது.

வக்கீலம்மா அப்பீல் போட்டார். அது மேல் கோர்ட்டில் வரிசையில் நின்றுகொண்டிருக்கும்போதே ஆறு வருஷமும் முடிந்து தச்சர் வெளியே வந்தார். வார்டரைப் பட்டறையிலிருந்து எடுத்து வாசல் காவலுக்கு மாற்றிவிட்டார்கள் என்றும், சான்றிதழைச் சுவரிலிருந்து கழற்றிவிட்டார்கள் என்றும் கேள்விப்பட்டார். நல்லா வேணும் என்று நினைத்துக்கொண்டார். நினைத்த பிறகு சாப்பாடு இறங்கவில்லை.

வெளியே, மேஜை நாற்காலி பழுது பார்க்கிற ஒரு கடையில் வேலை கிடைத்தது. ஒற்றைக் கண்ணுக்குப் பழகிக்கொண்டார். முன்பு வலது பக்கம் சாய்ந்த தலை இப்போது இடது பக்கம் சாய்ந்தது, அவ்வளவுதான்.

ஒரு நாள் மத்தியானம் பழைய எழுது மேஜை ஒன்றுக்கு மெருகு ஏற்றிக்கொண்டிருந்தார். உப்புத்தாளைத் தச்சர்கள் மூன்றாக மடிப்பார்கள். இரண்டாக மடித்தால் சொரசொரப்பும் சொரசொரப்பும் உரசித் தேய்ந்துவிடும். மூன்றாக மடித்து, ஓரத்தைக் கட்டைவிரல் நகத்தால் அழுத்தினால், பட்டையாக, விறைப்பாக நிற்கும். அப்படி மடித்த தாளை மேஜை மேல் வைத்துவிட்டுத் தண்ணீர் குடித்துவிட்டு வந்தால், காணவில்லை. கீழே தேடினார், பையில் தேடினார். மேஜையின் பின்பலகை காய்ந்து வளைந்து ஓரத்தில் நகக்கண் அளவுக்கு இடைவெளி விட்டிருந்தது. தாள் கத்தி மாதிரி அதற்குள் இறங்கி நின்றுகொண்டிருந்தது.

அதை எடுக்க நீட்டிய கை அப்படியே நின்றது.

எந்தத் தாளைக் கையில் கொடுத்தாலும் அவர் மூன்றாகத்தான் மடிப்பார். மனைவிக்கு எழுதின கடிதத்தை அப்படித்தான் மடித்தார். நாலு சீட்டையும் அப்படித்தான் மடித்தார். அவர் மட்டுமா? பட்டறையில் அத்தனை பேரும் அப்படித்தான். மற்றவர்களின் சீட்டு தொளதொளவென்று பலகையில் விழுந்து சறுக்கியிருக்கும். இவர்களுடையது நேராக உள்ளே போய், கோணிய பச்சைப் பலகைக்கும் பின்பலகைக்கும் நடுவில்...

அனுமதி கேட்காமலே வீட்டுக்குப் போய்விட்டார். மனைவி பக்கத்து வீடுகளின் துணிகளை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். அவர் சொல்லி முடிக்கும்வரை இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துக்கொண்டு கேட்டாள்.

"அப்ப அந்த மனுஷன் கிழிக்கலையா?"

"கிழிக்கல."

"வக்கீலம்மாகிட்ட சொன்னா கேஸ் போயிடுமா?"

"போனாலும் போகும். அவர் தடுத்தார்னுதானே அப்பீலே போட்டிருக்கு."

"சொல்லலைன்னா?"

 அவர் கோர்ட்டில் தூக்கிச் சத்தியம் பண்ணின கையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"முடிவு பண்ணிட்டுத்தானே என்னைக் கேக்குறீங்க?" என்றாள் அவள். சூட்டோடு ஒரு சட்டையை எடுத்து நீட்டினாள். "இதைப் போட்டுட்டுப் போங்க. இந்தத் தூளோட போனா வக்கீலம்மா மேஜையே தும்மும்."

வக்கீலம்மாவின் ஆபீஸ் ஒரு மருந்துக் கடைக்கு மேலே இருந்தது. ஏறுவதற்கு இரும்புப் படிக்கட்டு. மூன்றாவது படி ஆடும். அம்மா அவர் சொன்னதைக் கேட்டுவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"ஐயா, நம்ம அப்பீல் ஒத்தைக் கால்ல நிக்குது. புகார் கொடுக்க விடாம அதிகாரிங்க தடுத்தாங்க, அதனால விதி உங்களைக் கட்டாது. அதான் அந்தக் கால். இப்ப நீங்க வந்து, அவங்க தடுக்கல, என் பலகைதான் தடுத்துச்சுன்னு சொல்றீங்க."

"ஆமாங்கம்மா."

"பெட்டியைத் திறந்து உள்ளே ஒண்ணும் இல்லைன்னா?"

"நான் பொய்யன்னு ஆயிடும்."

"கண்ணுக்கு நியாயமும் கிடைக்காது. அப்பீல் கோர்ட்டுல புதுசா ஒரு சாட்சியை எடுக்க வைக்கிறதே கஷ்டம். பேசாம இருந்தா ஜெயிக்க வாய்ப்பு இருக்கு. நான் உங்க வக்கீல், இதைச் சொல்லியாகணும்."

தச்சர் படிக்கட்டுப் பக்கம் பார்த்தார். "அம்மா, ஒரு நூல் கோணினாலே கதவு சாத்தாதுங்க. நான் அந்த மனுஷன் மேல சொன்னது ஒரு சாண் கோணியிருக்கு. அதை வச்சுக்கிட்டு நான் எப்படிப் பிரார்த்தனைக்கு உட்காருவேன்?"

வக்கீலம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு பேனாவை எடுத்தார். "பெட்டியோட படத்தைப் போட்டுக் குடுங்க" என்றார்.

மேல் கோர்ட்டில் மூன்று நீதிபதிகள். பெட்டியைக் கொண்டுவரச் சொல்லி உத்தரவு போட்டிருந்தார்கள். அதை நெஞ்சோடு அணைத்துத் தூக்கிக்கொண்டு வந்தது வார்டர்தான். உடம்பு இளைத்திருந்தது. தொப்பி பெரிதாகத் தெரிந்தது. பெட்டியை மேஜையில் வைக்கும்போது சற்றுச் சாய்ந்தது. உள்ளே ஏதோ சரசரத்தது.

 வக்கீலம்மா தச்சரைத் திரும்பிப் பார்த்தார். தச்சர் மனதுக்குள் கடவுளைக் கூப்பிட்டார். கூப்பிட்டாரே தவிர என்ன கேட்பது என்று தெரியவில்லை.

ஆப்பு வைத்த பெட்டி. செய்தவனுக்குத்தான் எங்கே தட்ட வேண்டும் என்று தெரியும். தச்சர் ஒரு உளியும் கொட்டாப்புளியும் கேட்டார்.

அரசாங்க வக்கீல் எழுந்தார். "கனம் நீதிபதி அவர்களே, இவர் கொட்டாப்புளியால் ஒருவரை அடித்துத்தான் சிறைக்குப் போனார் என்பதை நினைவுபடுத்த வேண்டியிருக்கிறது."

நடுவில் இருந்த வயதான நீதிபதி வழக்குக் கட்டைப் புரட்டிப் பார்த்தார். "ஆமாம், இருக்கு. அவரோட அம்மாவைப் பத்தி ஒருத்தர் ஏதோ சொல்லியிருக்கார்." நிமிர்ந்து அறையைச் சுற்றிப் பார்த்தார். "இங்க யாராவது அவர் அம்மாவைப் பத்திப் பேசப் போறீங்களா?"

அரசாங்க வக்கீல் உட்கார்ந்தார்.

"அப்ப குடுங்க."

தச்சர் பெட்டியைச் சாய்த்தார். தட்டும்போது ஆடியது. பழக்கத்தில் வாய் வந்துவிட்டது: "ஐயா, அந்தப் பக்கம் கொஞ்சம் பிடிங்க."

வார்டர் ஒரு நிமிஷம் அசையவில்லை. பிறகு தொப்பியைக் கழற்றி நாற்காலியில் வைத்துவிட்டு வந்து பிடித்தார்.

"இப்படியா?"

"ஒரு நூல் இறக்குங்க."

இறக்கினார். மூன்று தட்டில் ஆப்பு கழன்றது. சறுக்குப் பலகை வெளியே வந்தபோது அதன் பின்னாலிருந்த பொந்திலிருந்து சீட்டுகள் மேஜையில் கொட்டின. பழுத்துப்போயிருந்தன. எல்லாம் பட்டையாக, விறைப்பாக, மூன்றாக மடித்தவை.

கோர்ட் குமாஸ்தா ஒவ்வொன்றாகப் பிரித்துப் படித்தார். பட்டறையில் மெருகு போடுகிறவன், மகள் பரீட்சைக்குப் போகும் முன் அவளோடு ஒரு தடவை போனில் பேச அனுமதி கேட்டிருந்தான். பரீட்சை முடிந்து மூன்று வருஷம் ஆகியிருந்தது. ஒருவனுக்குப் போர்வை வேண்டும். ஒரு சீட்டில், ‘ரசமட்டம் வேலை செய்யும்போது பாடுகிறான். பட்டறையில் எல்லோரும் தண்டனை அனுபவிக்கிறோம், இது கூடுதல் தண்டனை’ என்று எழுதியிருந்தது. வயதான நீதிபதி கைக்குட்டையால் வாயைத் துடைத்துக்கொண்டார்.

அப்புறம் தச்சருடைய நாலு சீட்டு. முதல் சீட்டில், கண் வலிக்கிறது, டாக்டரைப் பார்க்க வேண்டும் என்று இருந்தது. இரண்டாவதில், விளக்கைச் சுற்றி வளையம் தெரிகிறது. மூன்றாவதில் எழுத்து பெரிதாகியிருந்தது. நாலாவதில் கோட்டை விட்டு எழுத்து கீழே இறங்கிப் போயிருந்தது: ‘தயவு செய்து சீக்கிரம். எனக்கு நேர்க்கோடு தெரியவில்லை.’

அன்றைக்கு வேறு எதுவும் நடக்கவில்லை. தீர்ப்புக்கு நாள் குறித்தார்கள். வெளியே தாழ்வாரத்து பெஞ்சில் தச்சர் உட்கார்ந்தார். வார்டர் வந்து நடுவில் ஒரு ஆள் இடம் விட்டு உட்கார்ந்தார்.

"நாலு வருஷமா என்னைத் திருடன்னு நினைச்சே" என்றார் வார்டர்.

"ஆமாங்கையா. தப்புத்தான். மன்னிச்சிடுங்க. உங்க பேரை எடுத்துடச் சொல்லி வக்கீலம்மாகிட்ட சொல்லிட்டேன்."

"எடுக்காதே."

தச்சர் திரும்பிப் பார்த்தார். வார்டர் தொப்பியை மடியில் வைத்துச் சுற்றிக்கொண்டிருந்தார்.

"சீட்டு வரலை, சரி. கண்ணு வந்துச்சே. தினம் காலைல எட்டு மணிலேர்ந்து என் எதிர்ல நின்னுச்சு. பழம் மாதிரி சிவந்து, தண்ணி ஊத்திக்கிட்டு. அதைப் படிக்க எனக்கு எழுத்து வேணுமாய்யா? ஜெயில் டாக்டர்கிட்ட ரெண்டு தடவை போய்ச் சொன்னேன். எழுத்துல வரட்டும்னார். சரின்னு வந்துட்டேன். திங்கக்கிழமை பெட்டியைத் திறந்தா சீட்டு இல்லை. அப்ப ஒண்ணும் இல்லைபோலன்னு சான்றிதழைப் பார்த்துக்கிட்டு உட்கார்ந்துட்டேன்." தொப்பியைச் சுற்றுவதை நிறுத்தினார். "அந்தப் பச்சைப் பலகைக்கும் நான்தான் யார் பார்க்கப் போறான்னு சொன்னேன்."

"தலையாட்டினது நான்தானுங்க."

"அது இருக்கட்டும். கிழிச்சேன்னு நீ சொல்லிக்கிட்டிருந்தவரைக்கும் எனக்கு உள்ளுக்குள்ள கோபம் இருந்துச்சு. கோபம் இருந்தவரைக்கும் இதை நினைக்க வேண்டியிருக்கல. இன்னைக்கு நீ அதையும் எடுத்துட்டே."

அப்பீல் ஜெயித்தது. சீட்டைப் பெட்டியில் போட்டதோடு கைதியின் வேலை முடிந்தது, அதற்குப் பிறகு அது எங்கே போனது என்று பார்க்க வேண்டியது பெட்டியை வைத்த ஜெயில்தான் என்று நீதிபதிகள் எழுதினார்கள். வழக்கு மறுபடி கீழ் கோர்ட்டுக்குப் போனது. இந்தத் தடவை கண்ணைப் பற்றிப் பேசினார்கள். ஓய்வு பெற இரண்டு மாதமே இருந்த வார்டர் கூண்டில் ஏறி, தாழ்வாரத்தில் சொன்னதையெல்லாம் சத்தியம் செய்து சொன்னார், டாக்டரிடம் இரண்டு தடவை போனது உட்பட. அதை எழுதின தாள் எங்கும் இல்லை. அவர் வாயில் மட்டும்தான் இருந்தது. வக்கீலம்மா பிற்பாடு சொன்னார்: "அந்த வார்த்தை இல்லைன்னா நாம தோத்திருப்போம்யா. நீங்க அவர் மேல பழியை வச்சிருந்தா, அவர் ஏன் வாயைத் திறக்கப் போறார்?"

போன கண் திரும்பவில்லை. ஆனால் அந்த ஜெயிலில் இப்போது புதன்கிழமை தோறும் கண் டாக்டர் வருகிறார். வாயால் சொன்னாலும் பதிவேட்டில் ஏற்ற வேண்டும் என்று உத்தரவு. தச்சர் இதைச் சொல்லும்போது குரல் கொஞ்சம் நிமிரும்.

கோர்ட் பெட்டியைத் திருப்பிக் கொடுத்தது. ஜெயிலில் வேண்டாம் என்றுவிட்டார்கள். ஓய்வு பெற்ற மறுநாள், தச்சர் சொந்தமாகத் திறந்த கடைக்கு வார்டர் அந்தச் சறுக்குப் பலகையை மட்டும் எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு வந்தார். சுவரில் மாட்ட ஆணியும் அவரே அடித்தார். சுவரில் மூன்று இடத்தில் காரை பெயர்ந்தது.

அதன் பிறகு ஐந்து வருஷம், திங்கட்கிழமை தவறாமல் வருவார். பெட்டி திறக்கிற நாளில்லையா, கால் தானாக வந்துவிடும் போலிருக்கிறது. ஸ்டூலில் உட்கார்ந்து பலகை பிடிப்பார். எதிர்க்கடையிலிருந்து இரண்டு டீ வரும். தச்சர் பாடினால் மட்டும், "அந்தச் சீட்டை எழுதினது யார்னு எனக்குத் தெரியும்யா, நியாயமான மனுஷன்" என்பார்.

"அந்தப் பலகை இன்னும் கோணுதா?" என்று ஒரு நாள் கேட்டார்.

தச்சர் தலையைச் சாய்த்து நோக்கினார். "இல்லைங்கையா. நல்லா காய்ஞ்சிடுச்சு. இனிமே கோணாது."

போன வருஷம் வார்டரை அவருடைய மகள் தன்னோடு தூரத்து ஊருக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டாள். முட்டி வலி, தனியாக விட முடியாது. போவதற்கு முந்தின திங்கட்கிழமை, தச்சர் பேச்சு மும்முரத்தில் கை தவறி அவருடைய டம்ளரை எடுத்துக் குடித்துவிட்டார்.  வார்டர் பாக்கெட்டில் தேடி ஒரு துண்டுக் காகிதம் எடுத்தார். தச்சரின் காதில் செருகியிருந்த பென்சிலை உருவிக்கொண்டார். நாக்கைத் துருத்திக்கொண்டு எழுதினார். எழுதியதை அந்தப் பலகையின் தூக்கிய ஓரத்தில் சொருகிவிட்டு, தொப்பி இல்லாத தலையைத் தடவிக்கொண்டே போனார்.

சீட்டு அங்கேதான் இருக்கிறது. பலகையைக் கேட்கிறவர்கள் அதைக் கவனிப்பதில்லை. திங்கட்கிழமைகளில் டீ வந்ததும் தச்சர் அதை எடுத்து ஒரு தடவை படிப்பார். என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாதவரா? இருந்தாலும் படிப்பார். பிறகு மடிப்பார். விரல் பழக்கத்தில் மூன்றாகத்தான் போகும். பிரித்து, இரண்டாக மடித்து, இருந்த இடத்திலேயே திரும்ப வைப்பார்.